வாரத்தில் இரண்டு நாள்

விபத்தில் அடிபட்ட ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். மார்பு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடு இருக்கிறது. ஆனால் மூளை செயலிழந்துவிட்டது. நான்கு பேர் கொண்ட மருத்துவக் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துப் பார்த்து, மூளைச்சாவு என்று கையெழுத்துப் போடுகிறது. வெளியே வராந்தாவில் மனைவி, தம்பி, ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த பத்துப் பதினைந்து பேர். "மூச்சு விடுறாரே சார்" என்கிறார் தம்பி. அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நடந்தது என்ன என்று விளங்கவைத்து, உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கவேண்டிய ஆள் யார்?

இதற்குச் சட்டம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். 2011-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இப்படி ஒருவரை நியமிக்காத மருத்துவமனைக்கு உறுப்பு மாற்றுக்கான பதிவு கிடைக்காது. 2014-இல் வந்த விதிகள் தகுதியைச் சொல்கின்றன. மருத்துவம் படித்திருக்கலாம், செவிலியராக இருக்கலாம், வேறு ஏதாவது ஒரு பட்டம் பெற்றிருக்கலாம். சமூகப்பணி, சமூகவியல், பொதுச் சுகாதாரம் போன்றவற்றில் முதுநிலைப் பட்டம் இருந்தால் விரும்பத்தக்கது. தமிழ்நாட்டில் இந்தப் பணிக்கு வந்தவர்களில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற முதுநிலைச் சமூகப்பணிப் பட்டம் படித்தவர்களுக்குக் குறைவில்லை. சென்னையில் 1997-இல் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன் இதற்கென்றே பயிற்சி நடத்துகிறது.

2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. உறுப்புக் கொடை என்ற சொல் டீக்கடைப் பேச்சுக்கு வந்தது அப்போதுதான். ஆனால் அந்தப் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. வேனில் வந்தவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. யாரிடம் முதலில் பேசுவது, அழுகை நிற்கும்வரை வாய் திறக்காமல் இருப்பது எப்படி, மனைவி சம்மதித்து அண்ணன் மறுத்தால் என்ன செய்வது, "வேண்டாம்" என்று சொன்னவரை ஒரு துளியும் குற்றவுணர்வு இல்லாமல் ஊருக்கு அனுப்புவது எப்படி. இவை எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடிய திறமைகள். பிறவி இரக்கம் மட்டும் இருந்தால் அந்த வராந்தாவில் கூடவே உட்கார்ந்து அழத்தான் முடியும்.

சமூகப்பணிப் படிப்பைப் பற்றிய பேச்சு நம் ஊரில் எப்போதும் "சேவை மனப்பான்மை"யில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. பட்டமளிப்பு விழாக்களுக்கு அது போதும். ஒரு தொழிலுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும், யார் மேற்பார்வையில் வேண்டும், படித்து முடித்தால் எந்தப் பணியிடம் காத்திருக்கிறது என்பவைதான் இங்கே கேட்கவேண்டிய கேள்விகள்.

சேவை புதிதல்ல. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையின் நாடு இது. சென்னை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமிக்கும், ஔவை இல்லம் கண்ட முத்துலட்சுமி ரெட்டிக்கும் யாரும் சமூகப்பணிப் பட்டம் தரவில்லை. இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியதும் சென்னை மாகாணம்தான், 1920-இல். மாபெரும் மனிதர்கள் தங்கள் காலத்தில் செய்துவிட்டுப் போனதை, சாதாரண மனிதர்கள் மாதச் சம்பளத்துக்கு, ஒவ்வொரு மாவட்டத்திலும், தவறாமல் செய்யவைக்க முடியுமா என்பதே இந்தப் படிப்பு பிறந்த காரணம்.

அமெரிக்காவில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் மேரி ரிச்மண்ட். பால்டிமோர் நகரத் தர்ம ஸ்தாபனம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர், கல்லூரி வாசல் மிதிக்காதவர். தர்மம் கொடுக்கப்போகும் நல்ல மனிதர்கள் முன்யோசனை இல்லாமல் குடும்பங்களைக் கெடுத்துவிட்டு வருவதைப் பார்த்துப் பார்த்து, இதற்கென்று பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897-இல் டொரன்டோ மாநாட்டில் பேசினார். மறு ஆண்டே நியூயார்க்கில் ஒரு கோடைகால வகுப்பு தொடங்கியது. இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகப்பணிப் பள்ளியின் விதை அது. 1899-இல் ஆம்ஸ்டர்டாமில் முழுநேரப் பள்ளியே வந்துவிட்டது.

ஆனால் 1915-இல் பால்டிமோரில் ஓர் அடி விழுந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அவற்றில் பலவற்றை இழுத்து மூடக் காரணமான ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரை மேடைக்கு அழைத்து, சமூகப்பணி ஒரு தொழில்முறைத் துறையா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றார் அவர். நீங்கள் மருத்துவரையும் வழக்கறிஞரையும் ஆசிரியரையும் மக்களோடு இணைத்துவைக்கிறீர்கள். உங்களுக்கென்று, பிறருக்குக் கற்றுத்தரக்கூடிய நுட்பம் எது என்பது அவர் கேள்வியின் சாரம். ரிச்மண்ட் இரண்டு ஆண்டுகளில் ஒரு கனத்த புத்தகத்தை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரிப்பது, எந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்புவது, யாரை எந்த வரிசையில் சந்திப்பது என்று வழக்கறிஞரின் கறாரோடு எழுதிய அந்த நூல்தான், இன்றும் நம் மாணவர்கள் 'கேஸ் வொர்க்' என்று படிக்கும் தாளுக்கு அடித்தளம்.

இந்தியாவுக்கு இது பம்பாய் வழியாக வந்தது. கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி பைக்குல்லா பக்கத்து நாக்பாடாவில், ஆலைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், ஓர் அக்கம்பக்க மையம் நடத்தி வந்தார். சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையின் பணத்தில் 1936-இல் அவர் தலைமையில் தொடங்கிய பள்ளி, 1944 முதல் டாடா சமூக அறிவியல் நிறுவனம், அதாவது டிஸ். மான்ஷார்டுக்குப் பின் அதை நடத்தியவர் ஒரு தமிழர்: ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரர். ஒருவர் கிராமத் தொழில்களின் பக்கம் போக, மற்றவர் நகரத்துச் சேரிகளுக்கு ஆள் தயார் செய்தார். ஒரே வீட்டிலிருந்து இப்படி இரண்டு பாதைகள் கிளம்பியதைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதலாம்.

சென்னைக்கு 1952-இல் வந்தது. ஊட்டியில் பிறந்த பார்சிப் பெண்மணி மேரி கிளப்வாலா, இரண்டாம் உலகப் போரின்போது நகரத்தில் குவிந்த இந்தியச் சிப்பாய்களுக்கு விருந்தோம்பல் குழு அமைத்துப் பெயர் பெற்றவர். கணவரை இளம்வயதிலேயே இழந்து, கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பின் வழியே பொதுப்பணிக்கு வந்தவர். பின்னாளில் மேரி கிளப்வாலா ஜாதவ். ஆர்வலர்களை வைத்தே பல இல்லங்களை நடத்திய அவரே, ஆர்வம் மட்டும் போதாது என்று முடிவு செய்து மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் இருக்கிறது. கொழும்பிலும் சமூகப்பணிக்கான நிறுவனம் அதே 1952-இல்தான் அமைந்தது. அங்கே அது இளநிலைப் பட்டம் தர 2005 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இடையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலை ஒவ்வொன்றிலும் தொழிலாளர் நல அலுவலர் இருக்கவேண்டும் என்று விதித்தது. சமூகப்பணிப் பட்டதாரிக்குச் சட்டம் பார்த்துக் கொடுத்த முதல் பெரிய வேலைவாய்ப்பு அது. சுதந்திர இந்தியாவின் சமூகப்பணிப் பள்ளிகள் அந்த வாசலை நோக்கிக் கூட்டமாக நடந்தன. தொழிலாளர் நலம் என்ற பாடம் நாளடைவில் பணியாளர் மேலாண்மை ஆயிற்று, பிறகு ஹெச்.ஆர். ஆயிற்று. இன்று எம்.எஸ்.டபிள்யூ. சேர வரும் மாணவரிடம் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால், ஹெச்.ஆர். என்ற பதில்தான் அதிகம் வரும். அம்பத்தூர், ஒரகடம், கோவை என்று வேலை இருக்கிறது. குடும்பம் நடத்தச் சம்பளம் இருக்கிறது. இதைக் குறை சொல்லும் பேராசிரியர்கள், தங்கள் துறைக்கு ஆள் சேர்வதே அந்தப் பிரிவால்தான் என்பதை மேடையில் சொல்வதில்லை. தொழிலாளியின் பக்கம் நின்று பேச நியமித்த அலுவலர், நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு அதைச் செய்யவேண்டும் என்ற முரண்பாடு முதல் நாளே இருந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் நல அலுவலருக்கான எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. முரண்பாடு குறையவில்லை.

இனி இளநிலைக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை பி.எஸ்.டபிள்யூ. சேர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி: "அது என்ன படிப்பு?" மூன்று ஆண்டும் அந்தப் பிள்ளை பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும். வகுப்பில் சமூகவியல், உளவியல், கொஞ்சம் பொருளியல், கொஞ்சம் சட்டம். தனிநபரோடு வேலை, குழுவோடு வேலை, சமுதாய அமைப்பாக்கம், நல நிறுவன நிர்வாகம், சமூகச் செயல்பாடு, ஆய்வு என ஆறு முறைகள். இவையெல்லாம் எந்தக் கலைக் கல்லூரியிலும் நடத்தக்கூடிய பாடங்கள். வித்தியாசம் வாரத்தில் இரண்டு நாளில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் வகுப்பு கிடையாது. மாணவர் வெளியே போகவேண்டும். களப்பணி.

முதல் பருவத்தில் பார்த்துவரும் பயணங்கள்: முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, கூர்நோக்கு இல்லம். அதன்பின் ஒரு நிறுவனத்தில் அமர்த்துவார்கள். பிள்ளைகள் அதை 'ஏஜென்சி' என்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கிராம முகாம்: ஏதாவது ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கி, தாங்களே சமைத்து, காலையில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, மாலையில் தெருமுனை நாடகம். தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் வரையச் சொல்லி, எந்தத் தெருவில் குழாய் இருக்கிறது, எந்தத் தெருவுக்கு இல்லை என்று ஊர்க்காரர்களையே பேசவைப்பார்கள். பல நகரத்துப் பிள்ளைகளுக்கு ஊரும் காலனியும் தனித்தனி என்பது கண்ணில் படுவது அந்தக் கோலப்பொடிப் படத்தில்தான். முகாமில் அடுப்படிச் சண்டை வரும், இரவு நேரக் கூட்டத்தில் அழுகை வரும். அதையும் பாடத்திட்டத்தின் பகுதியாகவே கொள்ளவேண்டும்.

இந்தக் களப்பணியில் கற்றல் எந்த இடத்தில் நடக்கிறது? ஏஜென்சிக்குப் போய்வந்தால் கற்றுவிட்டதாக ஆகாது. போய்வந்ததை எழுதவேண்டும், எழுதியதை ஒருவர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகர். சென்னையின் நடுப்பகுதிக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய, பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் கொண்ட குடியிருப்பு. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அங்கே பள்ளிக்கு வராத ஒரு சிறுவனின் வீட்டுக்குப் போகிறாள். மூன்று முறை போயும் தாய் இல்லை. வீடு அலங்கோலமாக இருக்கிறது. பதிவேட்டில் எழுதுகிறாள்: 'தாய்க்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை.'

நல்ல மேற்பார்வையாளர் அந்த வரியின் கீழ்க் கோடு போடுவார். அக்கறை இல்லை என்று எப்படித் தெரியும்? நீ எத்தனை மணிக்குப் போனாய்? அந்தம்மா எங்கே வேலை செய்கிறார்? பழைய வீடு எங்கே இருந்தது? அடுத்த வாரம் மாணவி மாலையில் போகிறாள். அந்தம்மா இன்னும் மயிலாப்பூரில்தான் வீட்டு வேலை செய்கிறார். விடியுமுன் பஸ் ஏறி, இருட்டியபின் திரும்புகிறார். காலையில் தங்கையைப் பால்வாடியில் விட ஆள் இல்லாததால் பையன் பள்ளிக்குப் போவதில்லை. பால்வாடி திறக்கும் நேரமும் பள்ளி மணியும் ஒத்துவரவில்லை. 'அக்கறை இல்லாத தாய்' என்ற கேஸ், நேரக் கணக்கு என்ற கேஸாக மாறிவிட்டது. முதலாவதற்கு அறிவுரைதான் மருந்து. அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவதற்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியோ, தலைமையாசிரியரோ, அங்கன்வாடிப் பணியாளரோ வழி சொல்லக்கூடும். இந்தத் திருப்பம் நிகழும் இடத்துக்கு 'இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்' என்று பெயர். மாணவர் மொழியில் 'ஐ.சி.'. வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மாணவர், ஒரு ஆசிரியர், ஒரு பதிவேடு.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு விநோதம். பேச்சு நடந்தது சென்னைத் தமிழில். பதிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில். "வூட்ல யாருமில்ல, நான் எங்கப் போவேன்" என்று அந்தப் பையன் சொன்னது, தாளில் ஏறும்போது ஆதரவற்ற நிலை குறித்த ஒரு பாடப்புத்தக வாக்கியமாகிவிடுகிறது. சொன்னவர் சொன்னபடியே எழுதச் சொல்லும் துறைகளில் பிள்ளைகளின் பதிவேடு இரண்டு மடங்கு நீளும். மேற்பார்வையாளருக்குக் கேள்வி கேட்க இடமும் இரண்டு மடங்கு கிடைக்கும்.

இப்போது ஒரு கணக்கு. வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு முப்பது வாரம், மூன்று ஆண்டு என்று போட்டால் 180 நாள் வருகிறது. நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 1,260 மணி நேரம். அமெரிக்காவில் இளநிலைச் சமூகப்பணிப் பட்டத்துக்கு அங்கீகாரக் குழு கேட்கும் குறைந்தபட்சக் களப்பணி 400 மணி நேரம். இங்கிலாந்தில் 200 நாள். ஆக, தாளில் நாம் யாருக்கும் அதிகம் இளைத்தவர்கள் அல்ல. அமெரிக்கர்களைவிட மூன்று மடங்கு அதிகம்கூட. அப்படியிருந்தும் அங்கே பி.எஸ்.டபிள்யூ. முடித்தவர் நேரே வேலைக்குப் போகிறார், இங்கே முடித்தவரிடம் "சரி, எம்.எஸ்.டபிள்யூ. எங்கே?" என்று கேட்கிறார்கள். ஏன்?

மணிக்கணக்கு ஒன்றாக இருக்கலாம், பக்கத்தில் நிற்கும் ஆள் ஒன்றல்ல. அமெரிக்க விதிப்படி களத்தில் மாணவரை நடத்துபவர் அங்கீகாரம் பெற்ற சமூகப்பணிப் பட்டமும், பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு அனுபவமும் உள்ளவராக இருக்கவேண்டும். அப்படி ஆள் இல்லாத இடத்தில் கல்லூரியே அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும். இங்கிலாந்தில் களப் பயிற்சியாளருக்கென்று தனித் தரநிலைகள் உண்டு. இங்கே ஏஜென்சியில் மாணவரை வரவேற்பவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்: கணக்காளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த திட்ட உதவியாளர். நல்ல நிறுவனமாக அமைந்தால் பாக்கியம். அமையாவிட்டால், பிள்ளைகள் நன்கொடைக் கடிதங்களுக்கு உறை ஒட்டிவிட்டு, விழாவுக்கு நாற்காலி போட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். 1,260 மணி நேரமும் கணக்கில் ஏறிவிடும்.

மேற்பார்வை சடங்காகிப் போனால் என்ன ஆகும் என்பதை லண்டன் மிகக் கொடுமையான விதத்தில் கற்றது. விக்டோரியா கிளிம்பீ என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில், வளர்க்க அழைத்துவந்த உறவினர் வீட்டுச் சித்திரவதையில் இறந்தாள். மருத்துவமனைகள், காவல் துறை, உள்ளாட்சிச் சமூகப்பணித் துறைகள் என்று பலரும் அவளைப் பார்த்திருந்தார்கள். 2003-இல் வெளிவந்த லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை, காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் குறைந்தது 12 என்று கணக்கிட்டது. நேரடியாகக் கையாண்ட ஊழியரைவிட, அவருக்கு மேலே உட்கார்ந்து கோப்பைப் படித்துக் கேள்வி கேட்கவேண்டியவர்களையே அது கடுமையாகச் சாடியது. அதே 2003-இல் இங்கிலாந்தில் சமூகப்பணிக்கு இளநிலைப் பட்டம் குறைந்தபட்சத் தகுதியாயிற்று. 2005 முதல், பதிவு செய்யாதவர் 'சமூகப்பணியாளர்' என்று தன்னை அழைத்துக்கொள்வது குற்றம்.

இந்தியாவில் அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். சுவரொட்டியில் பாதிப் பேர் போட்டுக்கொள்கிறார்கள். வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப்பணிக்கு ஒரு தேசிய மன்றம் வேண்டும் என்று 1990-களிலேயே மசோதா வரைவு எழுதினார்கள், அது சட்டமாகவில்லை. விளைவை இளைஞர் நீதிச் சட்டத்தில் பார்க்கலாம். சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்காரவேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த உறுப்பினருக்கு என்ன தகுதி? குழந்தைகள் சார்ந்த பணியில் ஏழு ஆண்டு ஈடுபாடு. அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருப்பது. பதவியின் பெயர் சமூகப்பணியாளர். பட்டங்களின் வரிசையில் சமூகப்பணி இல்லை! குழந்தைகள் நலக் குழுவுக்கான தகுதியில் மட்டும் 2021 திருத்தம் சமூகப்பணியைச் சேர்த்தது.

மனநலத்தில் நிலைமை நேர் எதிர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்றால் முதுநிலைப் பட்டமும் அதற்கு மேல் எம்.ஃபில். பட்டமும் பெற்றவர் என்று வரையறுக்கிறது. மூன்று ஆண்டு பி.எஸ்.டபிள்யூ. அங்கே முதல் படிக்கட்டு மட்டுமே. ஆக ஒரு சட்டம் எந்தப் பட்டமும் கேட்கவில்லை, இன்னொன்று மூன்று பட்டம் கேட்கிறது. இளநிலை மட்டும் படித்தவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

போதாததற்கு, எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பு எல்லாப் பட்டதாரிகளுக்கும் திறந்திருக்கிறது. வணிகவியல் முடித்தவரும் வேதியியல் முடித்தவரும் வரலாம், வரட்டும், நல்லதுதான். ஆனால் மூன்று ஆண்டு களத்தில் அலைந்துவிட்டு வரும் பி.எஸ்.டபிள்யூ. மாணவரும் அவர்களோடு உட்கார்ந்து 'சமூகப்பணி ஓர் அறிமுகம்' என்ற தாளை மறுபடி படிக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இளநிலை முடித்தவருக்கு முதுநிலை ஓராண்டில் முடியும். நம் பல்கலைக்கழகங்கள் இதைச் செய்ய நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. பாடத்திட்டக் குழு மனம் வைத்தாலே போதும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இந்தப் படிப்பே வீண் என்று யாரும் எழுந்து போய்விடவேண்டாம். களத்தை ஒழுங்காக நடத்திய பள்ளிகள் இந்த நாட்டுக்குப் பெரிய அமைப்புகளையே கொடுத்திருக்கின்றன. மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே, அடிபட்டுப் புகார் கொடுக்க வரும் பெண்களோடு பேசப் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர்களை 1984-இல் உட்காரவைத்தது டிஸ். அதே நிறுவனத்தின் ஆசிரியை ஜெரூ பில்லிமோரியா, மும்பை ரயில் நிலையக் குழந்தைகள் இரவில் ஆபத்து என்றால் அழைக்க ஓர் எண் வேண்டும் என்று 1996-இல் தொடங்கியதுதான் 1098. கல்லூரியின் களச் செயல்திட்டமாகப் பிறந்த அது நாடு முழுவதும் பரவியது. 2023-இல் அரசுகளே நேரடியாக நடத்தும் ஏற்பாட்டுக்கு மாறியது.

தமிழ்நாட்டிலும் சான்றுகள் உண்டு. 1986-இல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டபின், மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் நோயாளிக்குக் கொடுக்க இருந்தது பேச்சு மட்டுமே. இன்று அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பலகைக்குப் பின்னால் இருக்கும் ஆற்றுப்படுத்துநர் பணி அந்த நெருக்கடியில் உருவானது; சமூகப்பணி படித்தவர்களுக்கு அது ஒரு வாழ்க்கைப் பாதையாயிற்று. தெருவில் திரியும் மனநலம் குன்றிய பெண்களுக்காக 1993-இல் சென்னையில் பான்யன் அமைப்பைத் தொடங்கிய இருவரில் வந்தனா கோபிகுமார் சமூகப்பணி படித்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில், அரிசி மூட்டைகளோடு வந்த லாரிகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையை இழந்த தாய் தூங்குகிறாளா, அலை என்ற சொல்லுக்கே நடுங்கும் சிறுவன் சாப்பிடுகிறானா என்று தினமும் வந்து கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளூர் ஊழியர்களுக்கு அதற்கென்றே பயிற்சி கொடுத்தது.

சம்பளத்தைப் பேசாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், நம்பிக்கை மையம் ஆகியவற்றில் இருக்கும் பெரும்பாலான பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம். திட்டம் புதுப்பிக்கப்பட்டால் வேலை, இல்லையென்றால் இல்லை. ஒரு குழந்தை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை வரவேண்டும் என்கிறது சட்டம். வீடு, பள்ளி, தெரு எல்லாம் போய்ப் பார்த்து அதை எழுதவேண்டியவருக்கு எத்தனை கோப்புகள், எத்தனை தாலுகாக்கள் என்று பார்த்தால், அறிக்கைகள் ஏன் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன என்பது விளங்கும். பி.எஸ்.டபிள்யூ. பட்டதாரிகளை உதவியாளர்களாக நியமிக்க மிகப் பொருத்தமான இடம் இது. விசாரணைக்கு வீடு தேடிப் போவதும், கேட்டதைப் பதிவதும்தான் அவர்கள் மூன்று ஆண்டு செய்துவந்த வேலை.

2021-இல் ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப்பணியாளரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி சுகாதாரத் தொழில்முறையினர் என்ற தகுதிக்கு, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் பரவிய, குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் அதை எட்டக்கூடியதுதான். ஆனால் மணிக்கணக்கை எட்டுவதில் நாம் ஏற்கெனவே சமர்த்தர்கள் என்று பார்த்தோம்.

ஆகவே மகளையோ மகனையோ இந்தப் படிப்பில் சேர்க்க வரும் பெற்றோர், கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதோடு துறைத் தலைவரிடம் சில கேள்விகளும் கேட்கலாம். களப்பணிக்கு எந்தெந்த நிறுவனங்கள், அங்கே சமூகப்பணி படித்தவர் எத்தனை பேர்? ஓர் ஆசிரியரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்? ஆறு ஏழு பேர் என்றால் பதிவேட்டைப் படிப்பார். முப்பது பேர் என்றால் கையெழுத்துத்தான் போடுவார். பஸ் கட்டணத்துக்கு என்ன ஏற்பாடு? சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்பிள்ளைகளுக்கு இலவசம், பையன்கள் கைக்காசு போடவேண்டியிருக்கிறது. களத்துக்குப் போகாமல் பதிவேடு மட்டும் வருவதற்குச் சில நேரம் அதுதான் காரணம். கடைசியாக, கால அட்டவணையை வாங்கிப் பார்க்கலாம். அதில் ஐ.சி. என்று ஒரு மணி நேரம், ஆசிரியர் பெயரோடும் அறை எண்ணோடும் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.